தொழவைக்கப் போனவர் பள்ளிக்கூடம் கொண்டுவந்தார்

மிஸ்று நாட்டு அறிஞர் ரிபாஆ தஹ்தாவி அவர்களின் வாழ்க்கை



நாம் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களின் வழியில் வந்தவர்கள். புதிதாக ஓர் ஊரில் கால் வைத்ததும் நம் கண் முதலில் கடைத்தெருவைத்தான் தேடும். எந்தச் சரக்கு எங்கே மலிவு, எது எந்த மாதத்தில் ஓடும், யார் கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்றெல்லாம் இரண்டே நாளில் மனத்தில் குறித்துக்கொள்வோம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. அது நம் தொழில். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், அவர்களுடைய கிதாபு எப்படி இருக்கிறது, உஸ்தாது எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார் என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர் நம்மில் எத்தனை பேர்?

அப்படிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர்கள் வியாபாரியல்ல, ஓர் ஆலிம். பிறர் படிக்கப் போன கூட்டத்துக்குத் தொழவைக்க அனுப்பப்பட்டவர்கள். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே அதிகம் படித்துக்கொண்டு திரும்பியவர்கள் அவர்களே. அறபு நாடுகளில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படும் அந்தப் பெயர் ரிபாஆ ராபிஉ தஹ்தாவி (ரஹ்).

பிறப்பும் ஓதலும்

எகிப்து என்று சொல்லப்படும் மிஸ்று நாட்டின் தென்பகுதியில், நைல் நதிக் கரையை ஒட்டி தஹ்தா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1801ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1216ல், தஹ்தாவி அவர்கள் பிறந்தார்கள். ஊர்ப் பெயரே அவர்களுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நபி (ஸல்) அவர்களின் வமிசத்தில் வந்த ஸையிதுக் குடும்பம் அது. முன்பு நில வருமானத்தோடு வசதியாக இருந்தார்கள். மிஸ்றை ஆண்ட முகம்மது அலி பாஷா பழைய நில உரிமைகளையெல்லாம் அரசாங்கத்துக்கு எடுத்துக்கொண்டபோது அந்தக் குடும்பத்தின் வருமானமும் போய்விட்டது. வாப்பா பிள்ளையை அழைத்துக்கொண்டு உறவினர் ஊர்களில் தங்கித் தங்கிக் காலம் கழிக்க வேண்டியதாயிற்று. அந்த அலைச்சலுக்கு நடுவிலேயே பிள்ளை குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தது. தாய்மாமன்மார் ஆலிம்களாக இருந்ததால் அவர்களிடம் ஆரம்பக் கிதாபுகளை ஓதியது.

1817ஆம் ஆண்டு, சுமார் பதினாறு வயதில், கெய்ரோவிலுள்ள ஜாமிஉல் அஸ்ஹரில் ஓதச் சேர்ந்தார்கள். வாப்பா இல்லாத பிள்ளையின் ஓதலுக்காக உம்மா தம் நகைகளை விற்றுப் பணம் அனுப்பியதாகச் சொல்வார்கள்.

அஸ்ஹரில் அவர்களுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம் ஷைகு ஹஸன் அத்தார் என்ற உஸ்தாது. 1798 முதல் 1801 வரை பிரெஞ்சுப் படை மிஸ்றில் இருந்தபோது, அந்தப் படையோடு வந்திருந்த அறிஞர்களோடு பழகி, அவர்களுடைய கருவிகளையும் நூல்களையும் நேரில் பார்த்தவர் ஷைகு அத்தார். பிறகு துருக்கி, ஷாம் தேசங்களிலும் பயணம் செய்தவர். மார்க்கக் கல்வியோடு பூகோளம், வானநூல், வைத்தியம் ஆகியவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை மாணவருடைய மனத்தில் விதைத்தவர் அவர்தாம்.

ஓதி முடித்தபின் தஹ்தாவி அவர்கள் அஸ்ஹரிலேயே இரண்டு வருடம் ஓதிக்கொடுத்தார்கள். 1824ல் பாஷாவின் புதிய படைப்பிரிவு ஒன்றில் இமாமாக வேலை கிடைத்தது.

கப்பல் ஏறிய இமாம்

முகம்மது அலி பாஷா படையையும் தொழிலையும் ஐரோப்பிய முறையில் அமைக்க ஆசைப்பட்டவர். அதற்குப் படித்த ஆட்கள் வேண்டும். வெளிநாட்டாரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டே இருக்க முடியாது என்று கண்டு, 1826ல் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வாலிபர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். போர்த் தொழில், கப்பல் ஓட்டுதல், வைத்தியம், ரசாயனம், விவசாயம், அச்சுத் தொழில் என்று ஆளுக்கு ஒரு துறை. அந்நிய நாட்டில் இவர்களுடைய தொழுகையும் ஒழுக்கமும் கெடாமல் பார்த்துக்கொள்ள இமாம்களும் உடன் போக வேண்டும். ஷைகு அத்தாரின் சிபாரிசின் பேரில் நம் தஹ்தாவி அவர்கள் இமாமாகச் சேர்க்கப்பட்டார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது இருபத்து நான்கு.

புறப்படும்போது ஷைகு அத்தார் ஒரு வேலை கொடுத்தார். போகிற இடத்தில் காண்பதையெல்லாம் விடாமல் எழுதிவைக்க வேண்டும் என்பதே அது. பிற்காலத்தில் வந்த நன்மையெல்லாம் உஸ்தாது சொன்ன இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்தவையே.

அலெக்ஸாந்திரியாவில் ஏப்ரல் மாதம் கப்பல் ஏறி, ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கழித்து, மே மாதம் பிரான்சின் மார்ஸெய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அக்கால வழக்கப்படி குவாரண்டைனில் வைத்தார்கள். அந்த ஊரிலேயே பிரெஞ்சு எழுத்துப் பாடம் ஆரம்பமாயிற்று. இமாம் படிக்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. ஐந்து வேளை தொழவைத்துவிட்டு மற்ற நேரத்தில் அவர்கள் சும்மா இருந்திருந்தாலும் கேட்பார் இல்லை. ஆனால் தாமும் எழுத்துப் பலகையோடு உட்கார்ந்தார்கள். சுமார் ஒரு மாதத்தில் எழுத்துக் கூட்டப் படித்துக்கொண்டார்கள். அல்பிய்யா வரை ஓதி அஸ்ஹரில் உஸ்தாதாக இருந்த ஒருவர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எளிதல்ல என்பதை ஓதியவர்கள் அறிவார்கள்.

பாரிஸில் படித்த விதம்

பாரிஸில் இவர்களுடைய படிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோமார் என்ற பூகோள அறிஞர். பிரெஞ்சுப் படையோடு முன்பு மிஸ்றுக்கு வந்திருந்தவர். முதலில் எல்லா மாணவர்களையும் ஒரே வீட்டில் வைத்துப் பாடம் நடத்தினார்கள். காலையில் இரண்டு மணி நேரம் சரித்திரம், பகல் உணவுக்குப்பின் எழுத்தும் பேச்சும், பிற்பகலில் சித்திரமும் இலக்கணமும், வாரத்தில் மூன்று பாடம் கணக்கு என்று நேரம் வகுத்திருந்தார்கள். ஆனால் பிரெஞ்சு வரவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. எல்லாரும் ஒன்றாக இருந்ததால் வகுப்பு முடிந்ததும் தங்கள் பாஷையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்டு அவர்களைப் பிரித்து, பிரெஞ்சுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் ஒருவர் இருவராகச் சேர்த்தார்கள். அப்பொழுதுதான் நாக்குத் திரும்பிற்று.

மாதந்தோறும் ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் அறிக்கை கொடுக்க வேண்டும். பரீட்சை நடக்கும். நன்றாகத் தேறியவர்களுக்குப் பரிசாகக் கிதாபு கிடைக்கும். கெய்ரோவில் இருந்துகொண்டு பாஷா இதையெல்லாம் கவனித்துவந்தார். முதலாளி கிளைக்கடையின் கணக்கைப் பார்ப்பதுபோல் அறிக்கைகளைப் பார்த்து, பணம் இவ்வளவு செலவாகிறதே, படிப்பு எங்கே என்று மாணவர்களைக் கண்டித்துக் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதத்தைத் தஹ்தாவி அவர்கள் மறைக்காமல் தம் நூலில் சேர்த்திருக்கிறார்கள்.

அவர்கள் படித்த வேகத்தையும் சொல்ல வேண்டும். கொடுத்த பாடம் போதாமல் தம் கைப்பணத்தில் கிதாபுகள் வாங்கினார்கள். தனியாக ஓர் ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஓயாமல் படித்ததால் இடது கண் பழுதுபட்டது. இரவில் படிக்கவே கூடாது என்று வைத்தியர் தடுத்தார். படிப்பில் பின்தங்கிவிடுவோமே என்ற அச்சத்தால் அவர்கள் அதைக் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பே தமக்குரிய துறை என்று முடிவு செய்து, சரித்திரம், பூகோளம், சட்டம், சுரங்கத் தொழில் என்று பல துறை நூல்களிலிருந்தும் மொழிபெயர்த்துப் பழகினார்கள். கடைசிப் பரீட்சையில் தாம் அறபியில் மொழிபெயர்த்த பன்னிரண்டு நூல்களையும் நூற்பகுதிகளையும் சபையின் முன் வைத்தார்கள்.

தராசில் வைத்துப் பார்த்தது

1831ல் ஊர் திரும்பிய அவர்கள், உஸ்தாது கொடுத்த வேலையை முடித்துக் கொடுத்தார்கள். 1834ல் கெய்ரோவை அடுத்த பூலாக் அச்சகத்தில் அந்நூல் அச்சாயிற்று. தக்லீஸுல் இப்ரீஸ் என்பது அதன் பெயரின் முற்பகுதி. பொன்னைப் புடம் போட்டு எடுத்தல் என்பது அதன் கருத்து. பொன் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும். கலப்போடு கிடைத்ததை அப்படியே வாங்கிவிடவும் கூடாது, கலப்பு இருக்கிறதென்று பொன்னை எறிந்துவிடவும் கூடாது.

அந்நூலில் பாரிஸின் வீடு, உணவு, சாப்பாட்டுக் கடை, தெருச் சுத்தம், வைத்தியசாலை, அரசாங்க முறை எல்லாம் வருகின்றன. 1830ல் அந்நாட்டு மக்கள் தங்கள் அரசனை எதிர்த்து எழுந்து அவனை நீக்கியதை நேரில் பார்த்து அதையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாம் பார்க்க வேண்டியது கல்வியைப் பற்றிய பகுதி. அங்கே அவர்கள் இரண்டு நாட்டுப் படிப்பையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கிறார்கள்.

முதலாவது, கிதாபு. நம் மதரஸா முறை நமக்குத் தெரியும். முதலில் மத்ன். அது விளங்க ஷரஹ். ஷரஹ் விளங்க ஹாஷியா. நானும் அப்படித்தான் ஓதினேன். ஒரு வரிக்குள் இருக்கும் மஸ்அலாவை அறிவதற்கு முன் அந்த வரியின் நஹ்வு, ஸர்புகளைப் பிரித்துப் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். பிரெஞ்சுக்காரர்களின் கிதாபு அப்படியல்ல என்று தஹ்தாவி அவர்கள் கண்டார்கள். கணக்குக் கிதாபை எடுத்தால் மாணவன் கணக்கைத்தான் கற்கிறான். சொல்லின் முடிச்சை அவிழ்க்கும் வேலை அவனுக்கு இல்லை. படிக்கத் தெரிந்தவன் தானே திறந்து தானே விளங்கிக்கொள்ளலாம். அந்நாட்டில் கல்வி விரைவாகப் பரவியதற்கு இதையும் ஒரு காரணமாக அவர்கள் எழுதினார்கள்.

இரண்டாவது, யார் யாருக்குக் கல்வி என்பது. பாரிஸில் சாதாரண ஜனங்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருப்பதைக் கண்டு அவர்கள் வியந்தார்கள். கைத்தொழிலாளியும் தன் தொழிலைப் பற்றிய நூலைப் படிக்கிறான். தொழிலில் புதிதாக ஏதேனும் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறான். அவனுக்குப் படிப்பு அலங்காரமல்ல, தொழிற்கருவி. பெண்களிலும் நூல் எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் இருந்ததை அவர்கள் குறித்துவைத்தார்கள். தினசரிப் பத்திரிகைகள் உள்ளூர்ச் செய்தியையும் உலகச் செய்தியையும் வீடு தேடிக் கொண்டுவந்ததையும் எழுதினார்கள்.

மூன்றாவது, ஆலிம் என்ற சொல்லின் பொருள். நம்மிடம் ஆலிம் என்றால் மார்க்கம் கற்றவர். அங்கே பாதிரியாராக இருப்பதனால் மட்டும் ஒருவரை அறிஞர் என்று சொல்லமாட்டார்கள். வைத்தியம், கணிதம், இயற்கை நூல் முதலியவற்றில் தேர்ந்தவரையே அறிஞர் என்பார்கள். மார்க்க ஞானத்தில் முஸ்லிம் நாடுகள் உயர்ந்து நிற்க, மற்ற ஞானங்களை நாம் கைவிட்டுவிட்டோம் என்று தஹ்தாவி அவர்கள் கவலையோடு எழுதினார்கள். அந்த ஞானங்களில் ஒரு காலத்தில் ஐரோப்பியருக்கு உஸ்தாதுகளாக இருந்தவர்கள் முஸ்லிம்கள்தாம் என்பதையும் நினைவூட்டினார்கள். ஆகவே அவற்றைத் திரும்பக் கற்பது அந்நியர் சொத்துக்குக் கை நீட்டுவதாகாது என்பது அவர்கள் கட்சி.

மற்றொரு தட்டில் குறைகளையும் வைத்தார்கள். அந்த ஜனங்களில் பலருக்கு மார்க்கம் பெயரளவில்தான் இருந்தது, புத்திக்கு எட்டியதே எல்லாம் என்று எண்ணினார்கள் என்று எழுதினார்கள். அவர்களுடைய தத்துவ நூல்களில் வேதத்துக்கு மாறான பேச்சு கலந்திருக்கிறது, குர்ஆனிலும் ஹதீஸிலும் கால் ஊன்றியவரே அவற்றில் இறங்க வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். இதே 1830ல்தான் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கிற்று. முஸ்லிம் நாட்டைப் பிடித்தவர்களும் அவர்கள்தாம், நல்ல பள்ளிக்கூடம் வைத்திருந்தவர்களும் அவர்கள்தாம். இரண்டையும் ஒரே சமயத்தில் கண்ணால் கண்டவர்கள் தஹ்தாவி அவர்கள். கோபத்தால் படிப்பை வெறுக்கவும் இல்லை; படிப்பில் மயங்கித் தம்மை மறக்கவும் இல்லை.

ஷைகு அத்தார் அந்நூலுக்குப் பாராட்டுரை எழுதினார். அப்பொழுது அவர் அஸ்ஹரின் தலைமை ஷைகு. பாஷா நூலை அதிகாரிகளுக்கு வழங்கச் செய்தார். 1839ல் அது துருக்கி பாஷையிலும் வெளிவந்தது.

தரகர் இல்லாத பள்ளிக்கூடம்

ஊர் திரும்பியதும் அபூ ஸஃபல் வைத்தியப் பள்ளியில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அங்கே பாடம் நடந்த விதம் விசித்திரமானது. பள்ளியை நடத்திய க்ளோ பே என்ற பிரெஞ்சு வைத்தியர் தம் பாஷையில் சொல்வார். நடுவில் ஒருவர் அதை அறபியாக்குவார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பாஷை தெரியாமல் நடுவில் தரகர் நிற்பது போன்ற நிலை. 1833ல் துறா என்ற இடத்துப் பீரங்கிப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கேயும் இதே கதைதான். கெய்ரோவில் கொள்ளைநோய் பரவியபோது சொந்த ஊராகிய தஹ்தாவுக்குப் போனவர்கள், அங்கேயும் சும்மா இராமல் மல்ட் ப்ரூன் என்ற அறிஞரின் பெரிய பூகோள நூலில் ஒரு பாகத்தை மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார்கள்.

இந்த அனுபவத்தின் பேரில் பாஷாவிடம் ஒரு யோசனை சொன்னார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கே பாஷைகளைக் கற்பித்து, அவர்களைக் கொண்டு எல்லாத் துறை நூல்களையும் அறபியில் கொண்டுவந்துவிட்டால் தரகர் தேவையில்லை என்பது அந்த யோசனை. 1835ல் பாஷைப் பள்ளி திறக்கப்பட்டது. அறபியில் அதற்கு மத்ரஸத்துல் அல்ஸுன் என்று பெயர். தலைமை ஆசிரியர் தஹ்தாவி அவர்கள்தாம். கெய்ரோவின் அஸ்பக்கிய்யாப் பகுதியில் பழைய மாளிகை ஒன்றில் பள்ளி நடந்தது. வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். அறபி, துருக்கி, பிரெஞ்சு பாஷைகளோடு சரித்திரம், பூகோளம், கணக்கு, இஸ்லாமியச் சட்டம், அந்நிய நாட்டுச் சட்டம் எல்லாம் அங்கே பாடம். அஸ்ஹர் ஒரு கையிலும் பாரிஸ் ஒரு கையிலுமாக அந்தப் பள்ளி நடந்தது.

அவர்களிடம் படித்து, பிறகு அவர்களுடைய சரித்திரத்தை எழுதியவர் ஸாலிஹ் மஜ்தீ என்பவர். தம் ஆசிரியர் பாடத்துக்குக் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். இஷாவுக்குப் பிறகும், ஸுபுஹுக்கு முந்திய கடைசி ஜாமத்திலும்கூடப் பாடம் நடக்கும். மூன்று நான்கு மணி நேரம் நின்றபடியே சொல்லிக் கொடுப்பார்களாம். மாணவர்கள் மொழிபெயர்த்ததை வரி வரியாகத் திருத்திய பிறகே அச்சுக்குக் கொடுப்பார்கள். 1841ல் பள்ளியோடு சேர்ந்து ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகமும் ஏற்பட்டது. சரித்திரம், வைத்தியம், சட்டம், படைத் தொழில் என்று நூற்றுக்கணக்கான நூல்கள் அறபிக்கு வந்தன. அரசாங்கப் பத்திரிகையையும் அவர்கள் கவனித்துவந்தார்கள். முன்பு அதில் துருக்கி பாஷைக்கே முதலிடம். அவர்கள் பொறுப்பேற்றபின் அறபிக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

அவர்கள் குடும்ப வாழ்விலும் ஒரு சங்கதி உண்டு. 1839ல் தம் மனைவிக்குத் தம் கையால் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அவர் இருக்க வேறொரு பெண்ணை மணப்பதில்லை, அடிமைப் பெண்ணையும் வைத்துக்கொள்வதில்லை என்பது அதன் வாசகம். பெண் மக்களின் மதிப்பைப் பற்றி நூல் எழுதும் முன்பே தம் வீட்டில் அதை நடத்திக் காட்டியவர்கள்.

கார்ட்டூம் சோதனை

முகம்மது அலி பாஷாவுக்குப் பின் அவருடைய பேரர் அப்பாஸ் பாஷா பதவிக்கு வந்தார். அவருக்கு இந்தப் பள்ளிக்கூடங்களில் அக்கறை இல்லை. பதினைந்து ஆண்டுக் காலம் பாடுபட்டு வளர்த்த பாஷைப் பள்ளி மூடப்பட்டது. அதன் தலைவர் 1850ல் சூடானிலுள்ள கார்ட்டூமுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தி நடத்த வேண்டும் என்பது உத்தரவு. பெயர் உத்தியோகம், உண்மையில் அது நாடு கடத்தல்தான். கடும் வெயிலும் காய்ச்சலும் உள்ள ஊர். உடன் சென்ற ஆசிரியர்களில் பாதிப் பேர் அந்த மண்ணிலேயே மௌத்தாகிவிட்டார்கள். பாரிஸில் தம்மோடு படித்த பய்யூமி என்ற கணித ஆசிரியரும் அவர்களில் ஒருவர்.

பெரிய பள்ளியை நடத்தியவருக்குச் சிறு பிள்ளைகளின் பள்ளி. வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார். தஹ்தாவி அவர்கள் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மீதி நேரத்தில் பெனலோன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஓர் இளவரசனுக்கு நல்லாட்சி கற்பிக்க எழுதிய தெலிமாக் என்ற கதையை அறபியில் மொழிபெயர்த்தார்கள். அரசனுக்குப் புத்தி சொல்லும் கதையை அரசனால் துரத்தப்பட்டவர் மொழிபெயர்த்தது சும்மா அல்ல என்று அறிஞர்கள் சொல்வார்கள். அது 1867ல் பைரூத்தில் அச்சாயிற்று.

1854ல் அப்பாஸ் பாஷா இறந்ததும் கெய்ரோவுக்குத் திரும்பினார்கள். அடுத்து வந்தவர் காலத்தில் படைப் பள்ளி ஒன்றின் தலைமை கிடைத்தது. அதுவும் சில வருடங்களில் மூடப்பட்டது. 1863ல் இஸ்மாயில் பாஷா ஆட்சிக்கு வந்தபின் மொழிபெயர்ப்பு அலுவலகம் மறுபடியும் திறக்கப்பட்டது. பழைய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பிரெஞ்சுச் சட்ட நூல்களை அறபியாக்கினார்கள். இரண்டு முறை கதவு சாத்தப்பட்ட பிறகும் மூன்றாம் முறை கடை திறந்தவர் என்று நம் பாஷையில் சொல்லலாம்.

முதுமையில் விளைந்த பயிர்

பாரிஸில் கண்டதைப் பள்ளிப் பிள்ளையின் கையில் சேர்க்கும் வேலை இனிமேல்தான் முழுமையாயிற்று. அறபி இலக்கணத்துக்கு ஓர் எளிய பாடநூல் எழுதினார்கள். நஹ்வின் சட்டங்களைக் கட்டம் போட்டு அட்டவணையாக்கி, சிறு பிள்ளைக்கும் ஒரு பார்வையில் விளங்கும்படி அமைத்தார்கள். நாற்பது வருடங்களுக்கு முன் பிரெஞ்சுக் கிதாபைக் கண்டு வியந்தவர், நம் கிதாபையும் அப்படிச் செய்ய முடியும் என்று செய்து காட்டினார்கள். மார்க்க ஞானத்தில் ஓர் எழுத்தும் குறையவில்லை. படிக்கிறவனின் பாரம்தான் குறைந்தது.

1870ல் கல்வி இலாகா வெளியிட்ட ரௌலத்துல் மதாரிஸ் என்ற பத்திரிகைக்கு ஆசிரியரானார்கள். பள்ளிக்கூடங்களின் பூங்கா என்று அதற்குப் பொருள். மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்க ஏற்பட்ட பத்திரிகை அது.

கல்வியைப் பற்றி அவர்கள் எழுதிய பெருநூல் அல்முர்ஷிதுல் அமீன். பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் நம்பிக்கையான வழிகாட்டி என்பது அந்தப் பெயரின் பொருள். பெயரிலேயே பெண் பிள்ளைகளை முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கல்வியை அதில் மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். ஆரம்பக் கல்வி, நாம் உண்ணும் உணவைப்போல் ஏழை பணக்காரன், ஆண் பெண் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் வேண்டியது. நடுக்கல்வி, இயன்றவரை பலருக்கும் கிடைக்க வேண்டியது. உயர்கல்வி, தகுதியும் வசதியும் உள்ள சிலருக்கு உரியது. பெண்ணுக்குக் கல்வி கொடுத்தால் குடும்பம் சீர்படும், பிள்ளை வளர்ப்புச் சிறக்கும், அவசியம் ஏற்பட்டால் அவள் தன் சக்திக்கேற்ற தொழிலும் செய்யலாம் என்று விளக்குகிறார்கள். பெண்கள் எழுதப் படிக்கக் கற்றால் கெட்டுவிடுவார்கள் என்று அக்காலத்தில் பேசியவர்களுக்கு, நபி (ஸல்) அவர்களின் துணைவியாரான ஹஃப்ஸா (ரலி) அவர்கள் எழுதப் படிக்க அறிந்திருந்ததை எடுத்துக்காட்டிப் பதில் சொன்னார்கள். 1873ல் இஸ்மாயில் பாஷாவின் மனைவியரில் ஒருவருடைய ஆதரவில் கெய்ரோவில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது.

அதே 1873ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1290ல், மே மாதம் 27ந் தேதி தஹ்தாவி அவர்கள் கெய்ரோவில் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிரெஞ்சு நூல்களோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் கடைசிக் காலத்தில் எழுதிக்கொண்டிருந்தது நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு. அவர்கள் தொடங்கிய பாஷைப் பள்ளியின் பெயரைக் கெய்ரோவிலுள்ள ஐன் ஷம்ஸ் சர்வகலாசாலையின் மொழித்துறைக் கல்லூரி இன்றும் தாங்கி நிற்கிறது.

நமக்கு உள்ள படிப்பினை

சகோதரர்களே, இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டால் போதாது. தஹ்தாவி அவர்கள் செய்த காரியத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். பிறர் பள்ளிக்கூடத்தைப் பொறாமையின்றிப் பார்த்தார்கள். நம் மதரஸாவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நல்லதை எடுத்தார்கள், கெட்டதை விட்டார்கள். பார்த்ததை எழுதிவைத்தார்கள். எழுதியதோடு நில்லாமல் நாற்பது வருடம் பாடுபட்டு அதை நடத்திக் காட்டினார்கள்.

நம்மில் இரண்டு விதமான பேச்சு நடமாடுகிறது. மதரஸா ஓதலால் என்ன பயன், பிள்ளை பள்ளிக்கூடம் போனால் போதும் என்பது ஒன்று. பள்ளிக்கூடப் படிப்பு அதிகமானால் தீன் போய்விடும், அதிலும் பெண் பிள்ளைக்கு எதற்கு என்பது மற்றொன்று. குர்ஆனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பாரிஸ் நூல்களைப் படித்த ஓர் இமாம் இந்த இரண்டு பேச்சுக்கும் சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். இன்னுமா நாம் இதில் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டும்?

கடையில் வருடம் ஒருமுறை இருப்புப் பார்க்கிறோம். எந்தச் சரக்குத் தேங்கிவிட்டது, எது போதவில்லை என்று கணக்கெடுக்கிறோம். நம் பிள்ளைகள் மாலையில் ஓதும் ஓதலையும் அப்படி ஒருமுறை இருப்புப் பார்க்க வேண்டாமா? ஐந்து வருடம் ஓதிய பிள்ளைக்கு ஓதியதன் அர்த்தம் தெரிகிறதா? கிதாபு அதன் வயதுக்கு விளங்கும்படி இருக்கிறதா? அண்டை வீட்டுச் சீனச் சகோதரரின் பிள்ளையும் மலாய்ச் சகோதரரின் பிள்ளையும் எப்படிப் படிக்கின்றன, அவற்றின் பள்ளியில் நமக்குப் பாடம் ஏதேனும் உண்டா? கொள்முதலுக்கு வெளியூர் போகிறவர்கள் அங்குள்ள மதரஸாவையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து நம் சங்கத்தாரிடம் சொல்லலாமே. அதற்குக் கப்பல் கூலி தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

மகனை உம்மா நகை விற்று ஓதவைத்தார். உஸ்தாது குறிப்பெழுதச் சொன்னார். மகன் கண் பழுதாகும் மட்டும் படித்தார். மூவரும் சேர்ந்துதான் ஒரு நாட்டுக்குக் கல்வி வந்தது. நம் வீட்டிலும் உம்மாவும் உஸ்தாதும் பிள்ளையும் இருக்கிறார்கள். செலவைக் கொடுக்க வேண்டியது நாம்தாம்.

அல்லாஹுத்தஆலா அப்பெரியாரின் கப்றை ஒளியாக்கி வைப்பானாக. நம் ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் பயனுள்ள கல்வியைக் கொடுத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.